1,06,600 டாலர் கோடு: சொந்தத் தொழிலுக்கு மாறிய ஒரு குடும்பம் மருத்துவக் காப்பீடு வாங்கிய விதம்

நவம்பர் 2025. டெக்சஸ் மாநிலத்தில் டாலஸுக்கு வடக்கே, பிளேனோ பக்கம் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பம். கணவருக்கு 43 வயது, மனைவிக்கு 40, மகளுக்கு 9. மூவரிடமும் கிரீன் கார்டு இருக்கிறது. கணவர் வேலை பார்த்த மென்பொருள் நிறுவனம், டிசம்பர் 31-உடன் வேலை முடிகிறது என்று கடிதம் கொடுத்துவிட்டது. நல்லவேளையாக, பழைய வாடிக்கையாளர் ஒருவர் ஜனவரியிலிருந்து ஒப்பந்த வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். மணிக்கு 70 டாலர். சம்பளமாக வராது, 1099 படிவத்தில் வரும். அதாவது இனி அவர் ஊழியர் இல்லை, சொந்தத் தொழில் செய்பவர்.

வேலை போன கவலையைவிடப் பெரிய கவலை காப்பீடு. மனைவிக்கு சர்க்கரை நோய் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, ஹார்மோன் நிபுணரைப் பார்ப்பது, தினசரி மாத்திரைகள். அந்த மாத்திரைகளில் ஒன்று, மலிவு மாற்று இன்னும் வராத பிராண்ட் மருந்து. வரிக் கணக்கு எழுதித் தருவது என் தொழில் என்பதால் என்னிடம் வந்தார்கள். "அண்ணே, எந்த பிளான் நல்ல பிளான்னு மட்டும் சொல்லுங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்றார் அவர். பிளானைக் கடைசியில் பார்ப்போம், முதலில் அடுத்த வருட வருமானத்தைச் சொல்லுங்கள் என்றேன். சொந்தத் தொழில் செய்பவருக்கு, மார்க்கெட்பிளேஸ் என்ற அரசின் காப்பீட்டுச் சந்தையில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது அந்த ஒரு எண்தான். பிரீமியம், அதைக் குறைக்க அரசு தரும் மானியம், எந்த உலோகம் (திட்டங்களை வெள்ளி, தங்கம் என்று பிரித்திருக்கிறார்கள்), அடுத்த ஏப்ரலில் அரசுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்பது வரை எல்லாம் அதிலிருந்துதான் கிளம்புகிறது.

பழைய கம்பெனியின் காப்பீட்டையே தொடர வழி இருந்தது. அதுதான் கோப்ரா. பொதுவாக 18 மாதம் வரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் கம்பெனி இதுவரை கட்டிவந்த பங்கையும் சேர்த்து நாமே கட்ட வேண்டும், அதற்கு மேல் 2% நிர்வாகச் செலவு. அவருக்கு வந்த தாளில் மாதம் 2,260 டாலர் என்று இருந்தது. ஒரு வசதி உண்டு: வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய 60 நாள் தருகிறார்கள், எடுத்தால் முதல் நாளிலிருந்தே செல்லும். ஆகவே ஜனவரியில் ஏதாவது இசகுபிசகானால் அதைப் பின்தேதியிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று ஓரமாக வைத்தோம். நிரந்தர வழியாக அதை வைத்துக்கொள்ள அவருக்குக் கட்டாது.

முதலில் தட்டிய தவறான கதவு

என்னிடம் வருவதற்கு முன்பே அவர் இணையத்தில் தேடி, ஏதோ ஒரு தளத்தில் போன் நம்பரைக் கொடுத்திருந்தார். அன்றைக்கு ஆரம்பித்த அழைப்புகள் டிசம்பர் முழுக்க நிற்கவில்லை. அதில் ஒருவர், மாதம் 640 டாலருக்கு "பிபிஓ, எந்த டாக்டரையும் பார்க்கலாம்" என்று அடித்துச் சொல்லி, அன்றே கார்டு நம்பரைக் கேட்டிருக்கிறார். அனுப்பச் சொல்லி வாங்கிய தாள்களைப் படித்தேன். மருத்துவமனையில் படுத்தால் நாளுக்கு இவ்வளவு, அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு என்று குறிப்பிட்ட தொகை மட்டும் தரும் திட்டம் அது. பில் 80,000 டாலர் வந்தாலும் அவர்கள் தருவது அந்தத் தொகைதான். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலமும் உண்டு. அதாவது மனைவியின் சர்க்கரை நோய்க்கு, மிகவும் தேவைப்படும் நேரத்தில், ஒன்றும் கிடைக்காது.

2010-இல் வந்த சட்டம், ஒபாமாகேர் என்று எல்லோரும் சொல்வது, இருக்கும் நோயைக் காட்டிக் காப்பீட்டை மறுக்கவோ கூடுதல் பணம் கேட்கவோ கூடாது என்று சொல்கிறது. ஆனால் அந்தச் சட்டத்துக்குள் வரும் திட்டங்களுக்கு மட்டும்தான் அது பொருந்தும். குறுகியகாலத் திட்டங்கள், மதக் குழுக்கள் நடத்தும் செலவுப் பகிர்வு, இந்தத் தினத்தொகைத் திட்டங்கள் எல்லாம் அதற்கு வெளியே. போனில் பேசுபவரிடம் "வருடக் கடைசியில் எனக்கு 1095-ஏ படிவம் வருமா?" என்று கேட்டுப் பாருங்கள். மார்க்கெட்பிளேஸில் வாங்கிய திட்டத்துக்கு மட்டும்தான் அது வரும். பேச்சு மாறினால் போனை வைத்துவிடலாம்.

டெக்சஸுக்குத் தனி மாநிலச் சந்தை கிடையாது. கூட்டரசின் ஹெல்த்கேர் டாட் கவ் தளத்தில்தான் வாங்க வேண்டும். கலிபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி போன்றவை தங்களுக்கெனத் தனித்தளம் வைத்திருக்கின்றன. உரிமம் பெற்ற ஏஜென்டுகளும் இதே திட்டங்களை அதே விலைக்கு விற்கிறார்கள், அதில் தவறில்லை. தானாகக் கூப்பிடுகிற ஏஜென்டைத்தான் தவிர்க்க வேண்டும்.

கோடு எங்கே இருக்கிறது

மானியத்தின் கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். 2014-இல் சந்தைகள் நடைமுறைக்கு வந்தபோது, கூட்டரசின் வறுமைக் கோட்டைப் போல 4 மடங்கு வரை வருமானம் உள்ளவர்களுக்குத்தான் மானியம். ஒரு டாலர் கூடினாலும் மொத்தமும் போய்விடும். கோவிட் காலத்தில், 2021-இல், அந்தக் கோட்டை எடுத்துவிட்டார்கள். எவ்வளவு சம்பாதித்தாலும், மானியத்தைக் கணக்கிட அடிப்படையாக வைக்கும் அளவுகோல் திட்டத்துக்கு வருமானத்தில் 8.5%-க்கு மேல் கட்ட வேண்டாம் என்றானது. 2022-இல் அதை 2025 கடைசி வரை நீட்டித்தார்கள். அதற்கு மேலும் நீட்டிப்பதா என்ற சண்டையில்தான் 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை அரசாங்கமே மூடிக் கிடந்தது. அரசு திறந்தது, நீட்டிப்பு வரவில்லை. 2026-க்குப் பழைய கோடு திரும்பி வந்துவிட்டது.

2026 திட்டங்களுக்கு 2025-இன் வறுமைக் கோடுதான் கணக்கு. மூன்று பேர் குடும்பத்துக்கு அது 26,650 டாலர். நான்கு மடங்கு 1,06,600. இனி நம்மவரின் கணக்கு.

வருடத்துக்கு 1,850 மணி நேரம் வேலை என்று வைத்துக்கொண்டால் 1,29,500 டாலர் வரவு. இதைத்தான் அவர் விண்ணப்பத்தில் போடப் போயிருந்தார். போட்டிருந்தால் திரையில் மானியம் பூஜ்யம் என்று வந்திருக்கும், அவரும் அதை நம்பி 640 டாலர்காரரிடமே திரும்பியிருப்பார். விண்ணப்பம் கேட்பது வரவை இல்லை, ஷெட்யூல் சி என்ற தொழில் வரிப் படிவத்தில் செலவு போக நிற்கும் லாபத்தை. கணினி, மென்பொருள், போன், வீட்டில் அலுவலகமாகப் பயன்படும் அறை, தொழில் காப்பீடு எல்லாம் சேர்த்து 9,500 போட்டோம். மிச்சம் 1,20,000.

சொந்தத் தொழில் செய்பவர் 15.3% சுயதொழில் வரியைத் தானே கட்ட வேண்டும். ஊழியர் பங்கும் அவருடையதுதான், முதலாளி பங்கும் அவருடையதுதான். அது கிட்டத்தட்ட 16,955 வருகிறது. அதில் பாதி, 8,478, வருமானத்திலிருந்து கழியும். ஆக 1,11,522.

இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் பலரும் கோட்டைவிடும் இடம். "வேற வருமானம் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டேன். "இல்லண்ணே" என்றார். மனைவி குறுக்கிட்டு, "தாம்பரம் ஃபிளாட்டு வாடகை? என்ஆர்இ டெபாசிட்டு?" என்றார். வெளிநாட்டில் இருப்பவர் இந்திய வங்கியில் வைக்கும் என்ஆர்இ கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதால் அது கணக்கிலேயே வராது என்று நினைப்பவர்கள் ஏராளம். அமெரிக்காவில் வரிக்கு உட்பட்டவருக்கு உலகத்தில் எங்கே வந்த வருமானமும் வருமானம்தான். வட்டி 1,900, செலவும் தேய்மானமும் போக வாடகை 1,100. மொத்தம் 3,000 சேர்ந்து 1,14,522 ஆனது. மானியத்துக்கு எடுத்துக்கொள்ளும் எம்.ஏ.ஜி.ஐ. என்ற வருமானம் இதுதான். கோட்டுக்கு மேல் 7,922 டாலர்.

அந்த 7,922-க்கு என்ன விலை? அவர்கள் வட்டாரத்தில் மூவருக்கும் சேர்த்து அளவுகோல் திட்டம், அதாவது இரண்டாவது மலிவான சில்வர், மாதம் சுமார் 1,600 டாலர். கோட்டுக்கு மேலே இருந்தால் முழுவதும் கையிலிருந்து: வருடம் 19,200. கோட்டின் நுனியில் கீழே இருந்தால், 2026-இன் விதிப்படி வருமானத்தில் 9.96% மட்டும் அவர் பங்கு, சுமார் 10,600. கோட்டைத் தாண்டும் ஒரே ஒரு டாலர், 8,500 டாலருக்கு மேல் பறித்துக்கொள்கிறது.

சம்பளக்காரருக்கு இந்த இடத்தில் செய்ய அதிகமில்லை. சொந்தத் தொழில் செய்பவருக்கு ஒரு நெம்புகோல் இருக்கிறது: செப்-ஐஆர்ஏ என்ற ஓய்வூதியக் கணக்கு. சுயதொழில் வரியின் பாதியைக் கழித்த லாபத்தில் ஏறத்தாழ 20% வரை போடலாம், இவருக்கு 22,300 வரை. போடும் தொகை எம்.ஏ.ஜி.ஐ.-யிலிருந்து நேராகக் கழிகிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், வருடம் முடிந்த பிறகும், வரிக் கணக்கு தாக்கல் செய்யும் கெடு வரை இதில் பணம் போடலாம் என்பது. டிசம்பர் 31-க்குப் பிறகு முழு வருமானமும் தெரிந்துவிடும். அப்போது உட்கார்ந்து, எவ்வளவு போட்டால் கோட்டுக்குக் கீழே வருவோம் என்று பார்த்துப் போடலாம். 15,000 போடுவதாகத் திட்டமிட்டோம். எம்.ஏ.ஜி.ஐ. 99,522. அவர் பங்கு 9.96%, வருடம் 9,912, மாதம் 826. மானியம் மாதம் 774.

இதற்கு மேல் ஒரு கழிவும் உண்டு. சொந்தத் தொழில் செய்பவர் தன் குடும்பத்துக்காகக் கையிலிருந்து கட்டும் பிரீமியத்தையும் வருமானத்தில் கழிக்கலாம். சிக்கல் என்னவென்றால், பிரீமியம் கழிந்தால் வருமானம் குறையும், வருமானம் குறைந்தால் மானியம் கூடும், மானியம் கூடினால் கழிக்கக்கூடிய பிரீமியம் குறையும், குறைந்தால் வருமானம் மறுபடி ஏறும். பாம்பு தன் வாலைக் கடிக்கிற கணக்கு. இதைச் சுற்றிச் சுற்றிப் போட்டு ஒரு புள்ளியில் நிறுத்தும் முறையை வரித் துறையே 2014-இல் வெளியிட்டிருக்கிறது, மென்பொருள் போட்டுவிடும். செப் கணக்கே இல்லாமல் இந்தக் கழிவை மட்டும் நம்பியிருந்தாலும் இவர் கோட்டுக்குக் கீழே வந்திருக்கலாம், ஆனால் இடைவெளி ஆயிரத்துச் சொச்சம் டாலர்தான். அதனால் இதைக் கணக்கில் சேர்க்காமல் மெத்தையாக மட்டும் வைத்தோம்.

டெக்சஸில் தங்கம் வெள்ளியைவிட மலிவு

சரி, பிளான். உலோகப் பெயர்கள் தரத்தைச் சொல்வதில்லை, செலவைப் பங்கிடும் விகிதத்தைச் சொல்கின்றன. சராசரியாக பிரான்ஸ் (வெண்கலம்) 60%, சில்வர் 70%, கோல்டு 80%, பிளாட்டினம் 90% காப்பீட்டுக் கம்பெனி ஏற்கும். விலையும் அதே வரிசையில் ஏறும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். டெக்சஸில் அப்படி இல்லை. குறைந்த வருமானக்காரர்களுக்கு சில்வர் திட்டத்தில் தரவேண்டிய கூடுதல் சலுகைக்கான பணத்தை 2017 அக்டோபரில் கூட்டரசு நிறுத்தியது. கம்பெனிகள் அந்தச் செலவை சில்வர் பிரீமியத்தின் தலையில் ஏற்றின. 2021-இல் டெக்சஸ் இயற்றிய ஒரு சட்டத்தால், 2023 திட்டங்களிலிருந்து அந்த ஏற்றம் முழுமையாக ஆனது. மானியம் சில்வர் விலையை வைத்துக் கணக்கிடப்படுவதால் மானியமும் சேர்ந்து ஏறியது. விளைவு, பல வட்டாரங்களில் கோல்டு திட்டம் சில்வரைவிட மலிவு.

இவர்களுக்குத் திரையில் வந்ததில் வடிகட்டி நின்றவை இரண்டு. ஒரு பிரான்ஸ், மாதம் 1,250, மானியம் போக 476, ஆளுக்கு டிடக்டிபிள் (காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை) 7,500. ஒரு கோல்டு, மாதம் 1,480, மானியம் போக 706, டிடக்டிபிள் 2,000. சில்வரைத் திறந்தே பார்க்கவில்லை.

பிரான்ஸுக்கும் ஒரு நியாயம் உண்டு. 2026 முதல் மார்க்கெட்பிளேஸின் எல்லா பிரான்ஸ் திட்டத்தோடும் எச்.எஸ்.ஏ. என்ற மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு திறக்கலாம், குடும்பத்துக்கு 8,750 டாலர் வரை போடலாம், அதுவும் எம்.ஏ.ஜி.ஐ.-யைக் குறைக்கும். வருடத்தில் ஒருமுறை கூட டாக்டரைப் பார்க்காத குடும்பமாக இருந்தால் அதையே சொல்லியிருப்பேன். இங்கே இரண்டுக்கும் வித்தியாசம் வருடம் 2,760. மனைவியின் பிராண்ட் மருந்தும் நிபுணர் கட்டணமும் டிடக்டிபிளுக்குள் முழு விலையில் வந்தால் அதை எளிதாகத் தாண்டிவிடும். கோல்டு.

பணம் கட்டுவதற்கு முன் இரண்டு சோதனை. மருந்துப் பட்டியலில் அந்த மாத்திரை எந்த அடுக்கில் இருக்கிறது என்று பார்த்தோம். அப்புறம் டாக்டர். டெக்சஸில் தனிநபர் சந்தையில் பெரும்பாலும் எச்.எம்.ஓ. வகைதான் கிடைக்கும், நெட்வொர்க்குக்கு, அதாவது கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர்கள், மருத்துவமனைகளுக்கு வெளியே போனால், அவசர சிகிச்சை தவிர, ஒரு காசு கிடைக்காது. கம்பெனியின் இணையப் பட்டியலில் ஹார்மோன் நிபுணரின் பெயர் இருந்தது. கிளினிக்குக்குப் போன் போட்டதும், "அந்தக் கம்பெனியை எடுக்கிறோம், ஆனால் இந்த நெட்வொர்க்கை எடுப்பதில்லை" என்றார்கள். ஒரே கம்பெனி ஊழியர் திட்டத்துக்கு ஒரு நெட்வொர்க், மார்க்கெட்பிளேஸுக்கு இன்னொன்று என்று வைத்திருப்பது சாதாரணம். கார்டில் அச்சாகும் திட்டத்தின் முழுப் பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். கடைசியில் பத்து மைல் தள்ளி வேறொரு நிபுணர் கிடைத்தார். மனைவிக்கு அதில் அரைமனசுதான்.

"எதுக்குண்ணே இவ்வளவு, பேசாம சென்னைக்குப் போய் வைத்தியம் பாத்துட்டு வந்துடலாமே" என்று அவருடைய மைத்துனர் யோசனை சொன்னாராம். பல்லுக்கு அது நல்ல யோசனை, பெரியவர்களின் பல் மருத்துவம் பெரும்பாலும் இந்தத் திட்டங்களில் வராது. நடுராத்திரி குடல்வால் வெடித்தால் விமானம் பிடிக்க முடியாது.

ஆதாரமும் முன்பணமும்

டிசம்பர் 15-க்குள் சேர்ந்தால் ஜனவரி 1-இல் காப்பீடு தொடங்கும், சேர்ந்தார்கள். பழைய வருடங்களின் பெரிய சம்பளம் வரித் துறைக் கணக்கில் இருக்க, இவர் அதைவிடக் குறைவாகச் சொல்வதால், எதிர்பார்த்தபடியே வருமானத்துக்கு ஆதாரம் கேட்டு மார்க்கெட்பிளேஸ் கடிதம் அனுப்பியது. சம்பளச் சீட்டு இல்லையே என்று பயந்தார். ஒப்பந்தக் கடிதமும், மாதவாரியாக எதிர்பார்க்கும் வரவு செலவை எழுதிய ஒரு தாளும் போதுமானதாக இருந்தன.

மானியம் 774 வந்தாலும் அதை முழுவதும் முன்பணமாக, அதாவது மாதாமாதம் பிரீமியத்தில் கழித்து, எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மாதம் 500 மட்டும் எடுக்கச் சொன்னேன். மிச்சத்தை வரிக் கணக்கில், படிவம் 8962 வழியாக, மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். காரணம், 2026 வருமானத்திலிருந்து ஒரு விதி கடுமையாகிவிட்டது. முன்பெல்லாம் நான்கு மடங்குக்குக் கீழே இருப்பவர் மானியத்தைக் கூடுதலாக வாங்கிவிட்டால், திருப்பிக் கொடுப்பதற்கு ஓர் உச்சவரம்பு இருந்தது. 2025 ஜூலை 4-இல் கையெழுத்தான சட்டம் அதை எடுத்துவிட்டது. இப்போது கூடுதலாக வாங்கியது எவ்வளவோ அவ்வளவையும் திருப்பித் தர வேண்டும். மாதம் 980 கட்டுவது அவருக்குக் கடினம்தான், இருந்தாலும் ஒப்புக்கொண்டார்.

இதே கணக்கு, வேறு விடை

அதே மாதம், தனியாக வசிக்கும் 38 வயது பரதநாட்டிய ஆசிரியை ஒருவரும் வந்தார். அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர். எம்.ஏ.ஜி.ஐ. 28,000, ஒருவருக்கான வறுமைக் கோடான 15,650-இல் 179%. இவருக்குச் சொன்னது நேர் எதிர். வெள்ளியைவிடத் தங்கம் மலிவு என்று யாரோ சொல்லி கோல்டு எடுக்கப் போயிருந்தார். வறுமைக் கோட்டின் 150-லிருந்து 200% வரை உள்ளவர் சில்வர் எடுத்தால் மட்டும், காப்பீட்டின் பங்கு 70-லிருந்து 87% ஆகிறது. கோல்டின் 80-ஐவிட மேல். அளவுகோல் சில்வருக்கு அவர் பங்கு மாதம் சுமார் 130 டாலர். தேவைப்பட்டது அவ்வளவுதான்.

இவருக்குக் கோடு மேலே இல்லை, கீழே இருக்கிறது. டெக்சஸ், ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டை விரிவாக்காத மாநிலம். அரங்கேற்ற மண்டப வாடகை, உடை, ஒலிபெருக்கி என்று கிடைத்த செலவையெல்லாம் எழுதி லாபத்தை 15,650-க்குக் கீழே இறக்கிவிட்டால், அடுத்த வருட விண்ணப்பத்தில் மானியமும் இல்லை, மெடிக்கெய்டும் இல்லை. வரியைக் குறைக்க ஒவ்வொரு ரசீதையும் தேடுவதுதான் என் தொழில் பழக்கம். இவரிடம் மட்டும் செப் கணக்கெல்லாம் இப்போது வேண்டாம் என்றேன்.

விசாவில் இருப்பவர்களுக்கும் ஒரு செய்தி. எச்-4 (எச்-1பி விசாக்காரரின் துணைக்குத் தரும் விசா) வேலை அனுமதியில் சொந்தத் தொழில் நடத்தும் பெண்கள் பலர் இதுவரை மார்க்கெட்பிளேஸில் மானியத்தோடு வாங்கிவந்தார்கள், சட்டப்படி தங்கியிருப்பதே போதுமானதாக இருந்தது. 2027 ஜனவரி முதல் மானியம் குடியுரிமை, கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் இன்னும் ஓரிரு பிரிவினருக்கும் மட்டும். மற்றவர்கள் திட்டம் வாங்கலாம், முழு விலையில்.

பிளேனோ குடும்பத்துக்கு மே மாதத்தில் ஒரு நல்ல செய்தி வந்தது. ஒப்பந்தம் நீண்டது, மணிக்கு 76 டாலர் என்று. வருடத்தில் லாபம் 6,000 டாலர் கூடும். பழையபடி 15,000 மட்டும் செப்பில் போட்டால் எம்.ஏ.ஜி.ஐ. 1,05,098, கோட்டுக்கு 1,500 டாலர்தான் கீழே. 20,000 போட்டால் ஒரு லட்சத்தை ஒட்டி நிற்கும், அவருடைய உச்சவரம்பும் அதற்கு இடம் கொடுக்கிறது. மார்க்கெட்பிளேஸ் கணக்கில் புது வருமானத்தைப் பதிந்துவிட்டார். முன்பணத்தை 500-லேயே வைத்திருக்கிறார்.